கூலண்ட் விளக்கு விட்டு விட்டு எரிகிறது: சென்சாரா, தண்ணீரா?

கேள்வி: தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர், 9 டிசம்பர் 2023

காலையில் சாவி போட்டதும் டேஷ்போர்டில் கூலண்ட் விளக்கு எரிகிறது, கூடவே மூன்று முறை பீப் சத்தம். சில நாள் எரிவதே இல்லை. பானட்டைத் திறந்து பார்த்தால் கூலண்ட் இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. சூடு காட்டும் முள்ளும் ஏறவில்லை. சென்சார் போய்விட்டது, இரண்டு ஒயரையும் முறுக்கி விட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று இங்கே ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

9 டிசம்பர் 2023, இரவு

செய்யாதீர்கள். என் வண்டியிலும் மூன்று வாரமாக இதே விளக்கு, இதே சத்தம். நான் இருப்பது பள்ளத்தூர். 2013 மாடல் டீசல் கார், ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டியது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, இந்த மாதிரி சென்சார் பல வண்டிகளில் இருக்கிறது.

முதலில் இரண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். முள் சொல்வது கூலண்டின், அதாவது எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் திரவத்தின், சூடு. விளக்கு சொல்வது டப்பாவில் கூலண்ட் எவ்வளவு இருக்கிறது என்பது. முள் ஏறவில்லை என்பதால் விளக்கு பொய் சொல்கிறது என்று ஆகாது. கூலண்ட் ரொம்பவும் இறங்கிவிட்டால், சூட்டை அளக்கும் சென்சாரைச் சுற்றித் திரவமே இருக்காது. அப்போது முள் பாட்டுக்குச் சாதுவாக நிற்கும், உள்ளே எஞ்சின் தீய்ந்துகொண்டிருக்கும். அதற்கு முன்னாலேயே சொல்வதற்கு இருப்பது இந்த விளக்கு ஒன்றுதான். அதன் வாயைக் கட்டிவிட்டால் அப்புறம் யார் சொல்வது?

ஒரு சின்ன நோட்டு எடுத்து வண்டியில் போடுங்கள். விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்: தேதி, நேரம், எஞ்சின் சூடா பச்சையா (அதாவது குளிர்ந்ததா), வண்டி மேட்டில் நின்றதா சமதளமா, முதல் நாள் மழையா, எத்தனை நிமிடத்தில் அணைந்தது. விட்டு விட்டு வரும் கோளாறை மெக்கானிக்கிடம் காட்டப் போனால் அங்கே வராது. நோட்டு இருந்தால் நாம் அங்கே வெறுங்கையோடு நிற்க வேண்டாம்.

10 டிசம்பர் 2023

நேற்று அவசரத்தில் விட்டுப்போனது, இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது கூலண்ட் மூடியைத் தொடவே தொடாதீர்கள். அந்த மூடி உள்ளே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியைத் திறந்தால் அழுத்தம் போய் அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து மேலே பீறிடும். எங்கள் பெரிய மாமா கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில், சமதளத்தில் பாருங்கள். மூடியைத் திறக்காமலே டப்பாவுக்கு வெளியிலிருந்து அளவு தெரியும்.

13 டிசம்பர் 2023

தேவகோட்டை நண்பர் சென்சாரின் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தாராம், விளக்கு அணையாமல் நிரந்தரமாக எரிகிறதாம். பயப்பட ஒன்றுமில்லை, அது அப்படித்தான் எரிய வேண்டும்.

சென்சாரில் நான் பார்த்தவை இரண்டு வகை. ஒன்று மிதவை வகை. டப்பாவுக்குள் காந்தம் வைத்த ஒரு மிதவை, அதன் பக்கத்தில் காந்தம் நெருங்கினால் சேரும் ஒரு சுவிட்ச். இன்னொன்று முள் வகை. டப்பாவின் அடியிலிருந்து இரண்டு உலோக முட்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டுக்கும் நடுவில் கூலண்ட் நின்றால் அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கடக்கும். கூலண்ட் இறங்கி முள் வெளியே தெரிந்தால் கரண்ட் அறும், விளக்கு எரியும். உங்களுடையதும் என்னுடையதும் முள் வகை. ப்ளக்கைக் கழற்றினால் கரண்ட் அறுந்த கணக்கு, அதனால் விளக்கு.

அடுத்த சோதனை: கழற்றிய ப்ளக்கின் இரண்டு துளையையும் ஒரு சின்ன ஒயர்த் துண்டால் இணைத்துச் சாவி போடுங்கள். விளக்கு அணைந்தால் ப்ளக்கிலிருந்து டேஷ்போர்டு வரை லைன் நன்றாக இருக்கிறது, கோளாறு டப்பா பக்கம். அணையாவிட்டால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. என் வண்டியில் அணைந்தது. சோதனை முடிந்ததும் துண்டை எடுத்துவிடுங்கள், அப்படியே விட்டுவிட்டால் ஒயரை முறுக்கிவிடச் சொன்னாரே ஒருவர், அவர் சொன்னதையே செய்ததாக ஆகிவிடும். மிதவை வகையில் சில வண்டிகளில் இது தலைகீழாக வேலை செய்யும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் பார்க்காமல் அதில் கை வைக்காதீர்கள்.

16 டிசம்பர் 2023

என் நோட்டு இது. 19 நாளில் 11 முறை எரிந்திருக்கிறது. பதினொன்றும் காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது. அதில் எட்டு, வீட்டின் பின்வாசல் சரிவில் நின்றபோது. எங்கள் வீடு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் பழைய வீடு, தரைமட்டம் தெருவைவிட நன்றாக உயரம். கார் நிற்பது பின்கட்டில். ஏற்றிவிட ஒரு சாய்தளம் கட்டியிருக்கிறோம், முகம் மேலே பார்த்து நிற்கும். சாய்ந்து நிற்கும் டப்பாவில் திரவமும் ஒரு பக்கமாக ஒதுங்கும், முள் அந்தப் பக்கம் இல்லையென்றால் விளக்கு எரியும்.

இன்று காலை டப்பாவைத் திறந்து ஊசி போடும் பெரிய சிரிஞ்சால் கூலண்டை உறிஞ்சி எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு முள்ளிலும் வெள்ளையாக உப்பு ஏறியிருக்கிறது, நம்மூர்க் குழாய் முனையில் கட்டுமே அதே மாதிரி. வினிகர் ஊற்றி அரை மணி ஊறவிட்டு, நீளப் பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, எடுத்த கூலண்டையே திரும்ப ஊற்றினேன். கொஞ்சம் குறைந்தது, மேலே நிரப்பினேன். சரிவில் நிறுத்திச் சாவி போட்டேன், விளக்கு இல்லை. உப்புப் படிந்த முள்தான். தேவகோட்டை நண்பர் இதையே செய்து பார்க்கலாம்.

17 டிசம்பர் 2023

நம்ம ஊரில் பனி உறைகிறதா என்ன, கூலண்ட் எதற்கு, போர் தண்ணீர் போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் பக்கம் நிறையப் பேருக்கு இருக்கிற எண்ணம்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கூலண்ட் உறையாமல் காப்பது குளிர் நாடுகளுக்கு. நமக்கு அதில் வேறு இரண்டு உபயோகம். பாதிக்குப் பாதி கலந்தால் திறந்த பாத்திரத்திலேயே 107 டிகிரி அளவில்தான் கொதிக்கும், தண்ணீரைவிட ஏழு டிகிரி கூடுதல். அதைவிட முக்கியம் அரிப்பு. எஞ்சினில் அலுமினியம், இரும்பு, சில ரேடியேட்டரில் பித்தளை, எல்லாம் ஒரே தண்ணீரில் நனைந்து கிடக்கின்றன. வேறு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அது ஒரு பேட்டரிதான், ஒரு உலோகம் கரைந்துகொண்டே போகும். கூலண்டில் கலந்திருக்கும் மருந்து அதைத் தடுக்கிறது. காரைக்குடிக்காரருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அந்த ஊரில்தான் இருக்கிறது. உலோக அரிப்பு அங்கே பெரிய ஆராய்ச்சி.

அடுத்து போர் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரத்திலேயே கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. குடிக்கப் பொறுத்துக்கொள்வது வேறு, எஞ்சினுக்குள் காய்ச்சுவது வேறு. சூடு அதிகமான இடத்தில்தான் அந்தச் சுண்ணாம்பு போய் ஒட்டும், அதாவது எங்கே சூட்டை எடுக்க வேண்டுமோ அங்கேயே.

வளவில் பிடித்து வைக்கும் மழைத்தண்ணீர் நல்லது என்று இன்னொருவர். உண்மை, அதில் சுண்ணாம்பு கிடையாது. முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்ததில்தான் அப்பத்தா பருப்பு வேக வைப்பார்கள், பூவாக வெந்துவிடும். ஆனால் ஓட்டுத் தூசியும் பாசியும் கூடவே வருகிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றுங்கள், அதுதான் சுத்தம்.

28 டிசம்பர் 2023

16-ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். விளக்கு திரும்ப வந்துவிட்டது.

நேற்றுக் காலை, அதே சரிவு, அதே நேரம். இறக்கிச் சமதளத்தில் வைத்துப் பார்த்தால் கூலண்ட் கீழ்க்கோட்டுக்கு நூலிழை மேலே. பன்னிரண்டு நாளுக்கு முன் நான் நிரப்பியது மேல்கோடு வரை. அப்படியானால் முள்ளைத் தேய்த்ததால் விளக்கு அணையவில்லை, தேய்த்தபோது மேலே நிரப்பினேனே, அதனால் அணைந்தது. ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்துவிட்டு எதனால் சரியானது என்று சொல்லிவிட்டேன். அது தப்பு. அதைப் படித்து யாராவது முள்ளைத் தேய்த்துவிட்டு நிம்மதியாக இருந்தால், தயவுசெய்து இன்று காலை டப்பாவைப் பாருங்கள்.

யோசித்துப் பார்த்தால் நோட்டிலேயே விடை இருந்திருக்கிறது. என் வண்டியில் மொத்தம் ஏழு லிட்டர் அளவு ஓடுகிறது. தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு பெருகும், கூலண்ட் கலந்தது அதைவிடக் கொஞ்சம் கூட. ஏழு லிட்டருக்குக் கால் லிட்டர். அந்தக் கால் லிட்டர் போய் நிற்பது டப்பாவில்தான். அதனால் காலையில் கீழே, பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் மேலே. மார்கழிக் குளிரில் விளக்கு எரிவதும் சூடானதும் அணைவதும் சென்சார் கோளாறின் அடையாளம் இல்லை. அளவு சரியாக முள்ளின் விளிம்பில் நிற்கிறது என்பதன் அடையாளம். சென்சார் ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

29 டிசம்பர் 2023

அப்பச்சியிடம் சொன்னேன். அவர் முப்பது வருடம் அம்பாசடர் ஓட்டியவர். "எங்க காலத்துல வெளக்கா இருந்துச்சு? காலையில மூடியத் தொறந்து விரல விட்டுப் பாப்போம். வெளக்கு வந்ததும் நீங்க பாக்கறத விட்டுட்டீங்க" என்றார். பிறகு, "மாப்பிள்ளை முறுக்கு மாதிரிதான் அது. போய்க் கவனிச்சா அடங்கும்" என்று சிரித்தார். இன்றிலிருந்து தினமும் காலையில் டப்பாவில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதுகிறேன்.

4 ஜனவரி 2024

கோடு ஆறு நாளில் கிட்டத்தட்ட அரை விரல் இறங்கியிருக்கிறது. ஒழுகுகிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வைத்தேன். காலையில் அட்டை காய்ந்து கிடந்தது. முந்தாநாள் ஒரு இடத்தில் நனைந்திருந்தது, ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தால் வெறும் தண்ணீர், முதல் நாள் ஏசி போட்டு வந்ததன் சொட்டு. இதில் ஏமாந்து ரேடியேட்டரையே மாற்றியவர் எனக்குத் தெரிந்து ஒருவர் உண்டு. ஏசித் தண்ணீருக்கு நிறமும் பிசுபிசுப்பும் இருக்காது. கூலண்டுக்கு ஒரு நிறம், விரலில் தேய்த்தால் வழுக்கும், வாடை இனிப்பாக இருக்கும். வாயில் வைத்துப் பார்க்காதீர்கள், அது விஷம். இனிப்பாக இருப்பதால் நாய் பூனை நக்கிவிடும், சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடையுங்கள். கழற்றிய பழைய கூலண்டை ஊருணிப் பக்கம் யாரும் கொண்டுபோய் ஊற்றாதீர்கள், ஆடு மாடு குடிக்கிற தண்ணீர் அது.

மேலே பார்த்த வரையில்: வாட்டர் பாடிக்கு, அதாவது கூலண்டைச் சுற்றவிடும் பம்புக்கு, அடியில் இருக்கும் சின்னத் துளை காய்ந்திருக்கிறது. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதியும் அலுமினியமும் சேரும் விளிம்பில் கறை இல்லை. உள்ளே காலடிப் பாய் நனையவில்லை, கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி இல்லை, ஆகவே ஹீட்டர் பக்கம் இல்லை. ஆயில் குச்சியில் பால் கலந்த காப்பி நிறம் இல்லை. குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டபோது டப்பாவில் குமிழி வரவில்லை. கடைசி இரண்டும்தான் எனக்குப் பெரிய பயம், ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) என்றால் செலவு எங்கேயோ போய்விடும்.

11 ஜனவரி 2024

காரைக்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அழுத்தம் வைத்துப் பார்த்தார்கள். டப்பா மூடிக்குப் பதிலாக அளவு காட்டும் முள் வைத்த ஒரு கை பம்ப். ஒரு பார் வரை ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் பார்த்தோம். முள் அசையவே இல்லை. "எங்கேயும் ஒழுகல, மூடிதான் வீக்" என்று புது மூடி போட்டு அனுப்பினார்கள். மூடியும் காரணமாகலாம்தான், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்தால் சூடானதும் கூலண்ட் மூடி வழியாக வெளியேறிவிடும். ஆனால் அப்படிப் போனால் மூடியைச் சுற்றிக் காய்ந்த கறை இருக்கும். என் வண்டியில் சுத்தமாக இருந்தது. பார்ப்போம்.

18 ஜனவரி 2024

பொங்கல் முடிந்தது, கோடு இறங்குவது முடியவில்லை. மூடி இல்லை.

இன்று குன்றக்குடிப் பக்கம் போனோம். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் கூட்டம், வண்டி ஊர்ந்துதான் போனது. ஒரு மணி நேரம் முதல் கியரில் ஓடி எஞ்சின் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு சொட்டு குறையவில்லை. ஆனால் நேற்று வண்டியை எடுக்கவே இல்லை, சும்மா நின்ற வண்டியில் கோடு குறைந்திருந்தது. அதாவது ஓடும்போது ஒழுகவில்லை, குளிர்ந்து நிற்கும்போதுதான் ஒழுகுகிறது. ஒர்க்‌ஷாப்பில் பார்த்தது மத்தியானம், வண்டி ஓட்டிக்கொண்டு போன சூட்டோடு. அந்தச் சூட்டில் என்ன தெரியும்?

20 ஜனவரி 2024

கிடைத்துவிட்டது. ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

வேறொரு மெக்கானிக், வயதில் சின்னவர். நோட்டைக் காட்டினேன். முழுதும் படித்தார். "அண்ணே, வண்டிய இங்க விட்டுட்டுப் போங்க. ராத்திரி நிக்கட்டும், காலையில ஸ்டார்ட் பண்ணாம நான் பாக்குறேன்" என்றார். காலை ஆறரைக்குப் போய் நின்றேன். பச்சை எஞ்சினில் ஒரு பார் ஏற்றினார். ஐந்து நிமிடத்தில் முள் கீழே சரிய ஆரம்பித்தது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினார். தட்டு முழுக்க இளஞ்சிவப்புப் பொருக்கு, நடுவில் குளமாகக் கொஞ்சம் கூலண்ட். என் அட்டை ஏன் காய்ந்தே கிடந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. 4-ஆம் தேதி நான் சொன்ன அட்டை யோசனை, அடியில் இந்தத் தட்டு இருக்கும் வண்டிக்குப் பலிக்காது. தட்டைக் கழற்றிவிட்டு விரியுங்கள்.

ஒழுகிய இடம் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ், எஞ்சினோடு சேரும் மூட்டு. ஹோஸ் கிழியவில்லை. கிளிப்தான் தப்பு. கம்பெனியில் வந்தது ஸ்பிரிங் கிளிப், இடுக்கியால் அமுக்கிப் போடுவது. இரண்டு வருடம் முன்பு வேறு வேலைக்காகக் கழற்றியவர்கள் அதற்குப் பதில் திருகாணி வைத்து இறுக்கும் கிளிப் போட்டிருக்கிறார்கள். பார்க்கத் திருகாணிதான் பலமாகத் தெரியும். ஆனால் ரப்பர் ஹோஸும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயும் சூட்டில் பருக்கும், குளிரில் சுருங்கும். ஸ்பிரிங் கூடவே விரிந்து கூடவே சுருங்கும். திருகாணி இறுக்கிய இடத்திலேயே நிற்கும். ராத்திரிக் குளிரில் ரப்பர் சுருங்கினதும் மயிரிழை இடைவெளி, அதில் சொட்டு. காலையில் எஞ்சின் சூடானதும் ரப்பர் பருத்து அடைத்துக்கொள்ளும். ஒழுகுவதும் காலையில், அளவு கீழே நிற்பதும் காலையில், விளக்கும் காலையில்.

இன்னும் இறுக்கினால் போதாதா என்று கேட்டேன். "இறுக்க இறுக்க ரப்பர் வெட்டுப்படும்ணே" என்றார். அளவு பார்த்து ஸ்பிரிங் கிளிப் வாங்கிப் போட்டார். கிளிப்பின் விலையைவிட அந்த மூடியின் விலை அதிகம்.

27 ஜனவரி 2024

டிசம்பர் 17-ல் டிஸ்டில்டு வாட்டர் பற்றி எழுதியதில் ஒரு வரி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் என்னை மாதிரி யாராவது பதறுவார்கள்.

கிளிப் மாற்றிய கையோடு உள்ளே இருந்த பழைய தண்ணீரை எல்லாம் இறக்கி, அலசுவதற்காக வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினோம். டப்பா மேல்கோடு வரை நிறைந்திருக்கிறது. சாவி போட்டால் விளக்கு எரிகிறது! சரிவும் இல்லை, குளிரும் இல்லை. முள், ப்ளக், ஒயர் எல்லாம் மறுபடி பார்த்தோம். ஒன்றும் இல்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு ஐயாவிடம் சொன்னேன், சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் முடிப்பதற்குள் சிரித்துவிட்டார். சுத்தமான தண்ணீரில் கரண்ட் கடக்காது தம்பி, உப்பு இருந்தால்தான் கடக்கும், இரண்டு முள்ளுக்கும் நடுவில் தண்ணீர் இருப்பதே உன் சென்சாருக்குத் தெரியவில்லை என்றார். கூலண்டின் முக்கியச் சரக்கான கிளைக்காலும் கரண்டைக் கடத்தாதாம், அதோடு கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பு உப்புகள்தான் கடத்துகின்றனவாம். மறுநாள் பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்து ஊற்றினோம், விளக்கு போன இடம் தெரியவில்லை. ஆகவே டிஸ்டில்டு வாட்டர் என்பது கூலண்டோடு கலப்பதற்கு. வெறுமனே ஊற்றி ஓட்டுவதற்கு அல்ல.

இன்னொன்று. நிறத்தைப் பார்த்துக் கூலண்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பதற்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. வேறு வேறு மருந்து கலந்த இரண்டு கூலண்ட் சேர்ந்தால் சில சமயம் கஞ்சி மாதிரித் திரிந்துவிடும். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் தரக் குறியீடு டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

10 பிப்ரவரி 2024

தேவகோட்டை நண்பர் அவருடைய நோட்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார், சந்தோஷமாக இருந்தது. இரண்டு மாதம் விடாமல் எழுதியிருக்கிறார். ஏழு முறை எரிந்திருக்கிறது. நான்கு, மழை பெய்த மறுநாள். மூன்று, வாட்டர் சர்வீஸ் செய்த அன்று. சரிவு, குளிர், சூடு எதற்கும் சம்பந்தமில்லை. கூலண்ட் கோடு இரண்டு மாதமாக ஒரே இடத்தில்.

இது என் கதை இல்லை, இதற்கு மருந்து வேறு. அவருடையது ப்ளக்தான் என்று எழுதினேன். கழற்றி உள்ளே பார்த்திருக்கிறார், ஒரு முள்ளில் பச்சைக் களிம்பு, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமே இல்லை. கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, வளையம் போட்டு மாட்டியிருக்கிறார். முதல் நாள் அவர் கேட்டது சென்சார் பக்கம் கோளாறா என்று. அவர் வண்டியைப் பொறுத்தவரை அவருடைய ஊகம் சரி. ஆனால் அன்றைக்கு அதைச் சொல்ல அவரிடமும் என்னிடமும் ஆதாரம் இல்லை. ஒயரை முறுக்கி விட்டிருந்தால் இந்தக் களிம்பும் தெரிந்திருக்காது, நாளைக்கு நிஜமாகவே ஒழுகும்போது சொல்லவும் ஆள் இருந்திருக்காது.

3 மார்ச் 2024

புதுவயலிலிருந்து ஒருவர்: தட்டைக் கழற்றியாயிற்று, குளிரிலும் சூட்டிலும் அழுத்தம் வைத்தாயிற்று, வெளியே எங்கும் ஈரம் இல்லை, ஆனாலும் வாரம் ஒரு டம்ளர் குறைகிறது, டீசல் வண்டி.

அப்படியானால் உள்ளே போகிறது. டீசலில் ஈஜிஆர் கூலர் என்று ஒன்று உண்டு, புகையைக் கூலண்டால் குளிர்விப்பது. அது உள்ளே விரிசல் விட்டால் கூலண்ட் புகையோடு எரிந்து போய்விடும், வெளியே சொட்டாது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வருகிறதா பாருங்கள். பச்சை எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். அதற்கு ஒரு நீல மருந்து இருக்கிறது, டப்பா வாயில் வைத்து ஆவியை உறிஞ்சினால், எரிந்த புகை கலந்திருந்தால் பச்சையாகவோ மஞ்சளாகவோ நிறம் மாறும். அதைச் செய்து பார்க்காமல் எஞ்சினைப் பிரிக்க யாரையும் விடாதீர்கள். அதுவரை வெளியூர்ப் பயணம் வேண்டாம்.

12 மே 2024

அக்னி நட்சத்திரம். அப்பச்சியைக் கண் ஆஸ்பத்திரிக்கு மதுரை கூட்டிப் போய் வந்தோம், போக வர 180 கிலோமீட்டர் அளவு, வழி முழுக்க ஏசி. விளக்கு வரவில்லை. ஆனால் வெயில் காலத்தில் வராததை நான் கணக்கில் சேர்க்கவில்லை, என் கோளாறு குளிர்காலத்துக் கோளாறு. ஜனவரி 20-க்குப் பிறகு வந்த குளிர்ந்த காலைகளிலும் கோடு இறங்கவில்லை என்பதுதான் எனக்கு நம்பிக்கை. அடுத்த மார்கழியிலும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கிளிப் அளவு எப்படிப் பார்ப்பது என்று இருவர் கேட்டிருந்தீர்கள். ஹோஸைக் குழாயில் மாட்டிய நிலையில் அதன் வெளி விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து கொண்டுபோங்கள், ஹோஸின் துளை அளவை அல்ல. பழைய ஸ்பிரிங் கிளிப் கையில் இருந்தால் அதன் காதில் எண் அடித்திருக்கும், அதைக் காட்டினால் போதும். போடும்போது ரப்பரில் பழைய கிளிப் அழுத்திய தடம் தெரியும், அதே தடத்தில் உட்கார வையுங்கள்.

இன்று காலைக் கோடு: மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே. பிப்ரவரி முதல் தேதி போட்ட கோட்டின் மேலேயே நிற்கிறது.